தொலைதூரத் தீவில் முதல் ஸ்கூபா விடுமுறை: பயிற்சி முதல் திரும்பும் விமானம் வரை

வெப்பமண்டலக் கடலில் ஒதுங்கிக் கிடக்கும் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை செழிப்பாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கே போய்ச் சேருவது கடினம் என்பதுதான். பெரிய துறைமுகம் இல்லை, ஆற்றுச் சேறு இல்லை, கூட்டம் இல்லை. அதனால்தான் மருத்துவமனையும் பக்கத்தில் இருப்பதில்லை. முதல் தடவை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மீன்களின் படங்களைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆசை அங்கேதான் தொடங்கும். ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு முடிவையும், ஏதாவது ஆனால் உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கேள்வியை முன்னால் வைத்து எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியையே பின்தொடர்கிறது.

முதல் படி: பயிற்சியை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்

ஸ்கூபா கற்றுக்கொள்ள அடிப்படைப் படிப்பு ஓபன் வாட்டர். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற பயிற்சி அமைப்புகள் அதை உலகெங்கும் நடத்துகின்றன. பொதுவாக மூன்று நான்கு நாள் ஆகும். பாடம், நீச்சல் குளத்தில் பயிற்சி, பிறகு திறந்த நீரில் குறைந்தது நான்கு டைவ். முடித்தவர்கள் ஜோடியாக 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். பாடி படிப்பில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வேகம் முக்கியமில்லை.

இந்தப் படிப்பைத் தீவிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். முடியும்தான். ஆனால் ஒரு வாரப் பயணத்தில் பாதி நாள் பாடத்திலும் ஆழமில்லாத மணல் திட்டிலும் போய்விடும். நடுவில் காது அடைத்தாலோ சளி பிடித்தாலோ படிப்பும் பாதியில் நிற்கும், விடுமுறையும் பாதியில் நிற்கும். என் யோசனை, முழுப் படிப்பையும் கிளம்புவதற்கு முன்பே முடிப்பது. முடியாவிட்டால் பாடத்தையும் குளப் பயிற்சியையும் மட்டுமாவது முடித்து, அதற்கான பரிந்துரைக் கடிதத்தோடு போய்த் திறந்த நீர் டைவ்களைத் தீவில் செய்யலாம்.

இந்தத் துறையில் ஈடுபடலாமா என்றே தெரியாதவர்கள் முதலில் அறிமுக டைவ் ஒன்றைச் செய்து பார்ப்பது நல்லது. பயிற்சியாளர் கூடவே இருப்பார், 12 மீட்டர் ஆழத்துக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார். இரண்டு நாள் கப்பல் பயணத்துக்குப் பிறகு, நீருக்கடியில் மூச்சு விடவே பிடிக்கவில்லை என்று கண்டுபிடிப்பது யாருக்கும் நல்லதில்லை.

ஏற்கெனவே சான்றிதழ் இருந்து, தண்ணீரில் இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதா? சான்றிதழ் காலாவதி ஆகாது, ஆனால் கை மறந்துபோகும். கிளம்புவதற்கு முன் குளத்தில் அரை நாள் செலவு செய்து, மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, வாயிலிருந்து விழுந்த ரெகுலேட்டரை, அதாவது டேங்கிலிருந்து காற்றை வாய்க்குத் தரும் கருவியை, தேடி எடுப்பது இரண்டையும் திரும்பப் பழகுங்கள்.

இரண்டாவது: உடம்பு

ஒவ்வொரு டைவ் மையமும் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தரும். அதில் ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று விழுந்தாலே மருத்துவரின் கையெழுத்துத் தேவைப்படலாம். தீவில் போய் இறங்கிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு எங்கே போவது? அதனால் அந்தப் படிவத்தை முன்பே வாங்கிப் படியுங்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, சர்க்கரை நோய், நுரையீரல் சுருங்கிய வரலாறு, காது அறுவை சிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் டைவிங் தெரிந்த மருத்துவரிடம் பேசுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இறங்கக் கூடாது. உண்மையை மறைத்துப் படிவத்தை நிரப்புவதால் ஏமாறப்போவது நாம் மட்டும்தான்.

மருந்துகளையும் கவனியுங்கள். மலேரியா உள்ள தீவுக்குப் போவதாக இருந்தால், டைவ் செய்யப்போகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மெஃப்ளோகுயின் என்ற தடுப்பு மருந்து தலைசுற்றல், குழப்பம் போன்றவற்றை உண்டாக்கலாம். அவை அழுத்தக்குறைவு நோயின், அதாவது மேலே வரும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவதால் வரும் நோயின், அறிகுறிகளோடு குழம்பிப் போகும். படகுக் குமட்டலுக்கான மாத்திரையை முதல் முறையாகக் கடலில் சாப்பிடாதீர்கள். வீட்டில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள், தூக்கம் அதிகம் வந்தால் வேறு மருந்து கேளுங்கள்.

மூன்றாவது: எந்தத் தீவு, எந்த மாதம்

இங்கே நிதானம் வேண்டும். ஒரே தீவு ஒரு மாதத்தில் குளம் மாதிரி இருக்கும், இன்னொரு மாதத்தில் படகே கிளம்பாது. தாய்லாந்தின் சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைத்திருக்கிறார்கள். இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டுக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பொதுவாகக் கடல் அமைதியாக இருக்கும்.

தெளிந்த தண்ணீரும் பெரிய உயிரினங்களும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, பார்வை தூரம் அதிகம். ஆனால் கொம்புத் திருக்கைகள் ஹனிஃபாரு வளைகுடாவில் கூட்டம் கூட்டமாகத் திரள்வது மே முதல் நவம்பர் வரை, மிதவை நுண்ணுயிர் பெருகித் தண்ணீர் கலங்கியிருக்கும் பருவத்தில். திருக்கை வருவதே அந்த நுண்ணுயிரைத் தின்னத்தான். அந்த வளைகுடாவில் ஸ்கூபாவுக்கு அனுமதியே இல்லை, மூச்சுக்குழாயோடு மேலே நீந்தித்தான் பார்க்க முடியும். இப்படிப்பட்ட விதிகளைப் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

அனுமதிச் சீட்டு இன்னொரு விஷயம். மலேசியாவின் சிபாடான் தீவில் 2004-ஆம் ஆண்டு இறுதியோடு விடுதிகளை வெளியேற்றிவிட்டார்கள். பக்கத்துத் தீவுகளில் தங்கித்தான் போய்வர வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. விடுதியில் அறை கிடைத்துவிட்டால் சிபாடானில் டைவ் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. எந்த நாளுக்கு அனுமதி என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புதியவர்கள் ஒதுக்கிவைக்க வேண்டிய இடங்களும் உண்டு. கோஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவு கரையிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. படகில் ஒன்றரை நாள். கொம்பன் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் வரும் இடம், ஆனால் வலுவான நீரோட்டமும் ஆழமும் அங்கே சாதாரணம். இருபது டைவ் கூட முடிக்காதவருக்கு அது உகந்த கடல் இல்லை. முதல் பயணத்துக்கு, உள்ளே அமைதியான கடற்கழி இருக்கிற, 10 முதல் 15 மீட்டர் ஆழத்திலேயே பாறை முழுக்கத் தெரிகிற தீவைத் தேடுங்கள். வெளிச்சமும் நிறமும் அந்த ஆழத்தில்தான் அதிகம். கீழே போகப் போகச் சிவப்பு முதலில் மங்கிவிடும்.

நான்காவது: தங்குவது எங்கே, யாரோடு

தீவு விடுதியில் தங்கி நாள்தோறும் படகில் போவது ஒரு வழி. படகிலேயே தங்கி இடம் விட்டு இடம் போவது, அதாவது லிவ்அபோர்ட், இன்னொரு வழி. லிவ்அபோர்டில் நாளுக்கு மூன்று நான்கு டைவ் நடக்கும். முதல் தடவை போகிறவருக்கு அது அதிகம். விடுதியில் இருந்தால் களைப்பாக இருக்கிற காலை தூங்கிவிடலாம், காது வலித்தால் கரையில் நடக்கலாம். நான் விடுதிக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

படகில்தான் தங்குவது என்று முடிவு செய்தால், இரவில் ஒருவர் விழித்திருந்து காவல் சுற்றுகிறாரா, கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்கிறார்கள், தூங்கும் இடத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே என்று முதல் நாளே பாருங்கள். 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா கரைக்கு அருகே கான்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்ததில், கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். இரவுக் காவல் சுற்றாதது அந்த விசாரணையில் முக்கியமாகச் சுட்டப்பட்ட குறை.

முன்பணம் கட்டுவதற்கு முன் டைவ் மையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, எவ்வளவு நேரத்துக்குப் போதும்? அழுத்தக்குறைவு நோய்க்கு உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அழுத்தச் சிகிச்சை அறை அருகில் எங்கே, அங்கே எப்படிக் கொண்டுபோவீர்கள்? கைப்பேசி எட்டாத இடத்தில் வானொலியோ செயற்கைக்கோள் தொலைபேசியோ உண்டா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் ஆட்களை எண்ணிப் பெயர் சரிபார்க்கிறீர்களா? நல்ல மையம் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்லும். 'கவலைப்படாதீர்கள், இங்கே ஒன்றும் ஆகாது' என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

காப்பீடு இதோடு சேர்ந்ததுதான். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல ஸ்கூபாவை விலக்கி வைத்திருக்கும், அல்லது குறிப்பிட்ட ஆழம் வரை மட்டும் ஏற்கும். அழுத்தச் சிகிச்சை அறையின் செலவு, தீவிலிருந்து தூக்கிச் செல்லும் விமானம் அல்லது படகு, இரண்டும் அதில் இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். டைவ் செய்பவர்களுக்காகவே 1980-இல் தொடங்கிய டான் என்ற அமைப்பு அவசரத் தொலைபேசி உதவியும் காப்பீடும் தருகிறது. அந்த அவசர எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: பெட்டியில் என்ன

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். டேங்க், எடை, பிசிடி (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி), ரெகுலேட்டர் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். சொந்தமாக இருக்க வேண்டியது முதலில் மாஸ்க். பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுத்தால் அது அப்படியே ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் சரியான அளவு. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. மங்கலாகப் பார்த்துக்கொண்டு பவளப்பாறையைச் சுற்றுவதில் என்ன இருக்கிறது?

இரண்டாவது, டைவ் கம்ப்யூட்டர். ஆழம், நேரம், மேலே வரும் வேகம் எல்லாவற்றையும் அது கணக்கு வைக்கும். ஜோடியின் கம்ப்யூட்டரைப் பார்த்து டைவ் செய்ய முடியாது, ஒவ்வொருவருக்கும் ஒன்று தேவை. மூன்றாவது, தொலைதூரக் கடலுக்கு மிக முக்கியமானது: காற்றூதி உயர்த்தும் நீண்ட ஆரஞ்சு மிதவை, அதை மேலே அனுப்ப ஒரு கயிற்றுச் சுருள், ஒரு விசில். நீரோட்டம் உங்களைப் படகிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளிவிட்டால், அலைகளுக்கு நடுவே ஒரு தலை யார் கண்ணுக்கும் தெரியாது. இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கும் மிதவை தெரியும். அதை மேலே அனுப்பப் பழகுவதும் பயிற்சியில் ஒரு பகுதி, குளத்திலேயே பழகிவிடுங்கள்.

தண்ணீர் 28 டிகிரி இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் உடம்பு குளிர்ந்துவிடும். 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும், அது சுணை ஜெல்லியிலிருந்தும் காப்பாற்றும். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையே சிறந்தது. பவளத்துக்குக் கேடான வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீனைப் பலாவ் 2020 முதல் தடை செய்திருக்கிறது. உதிரி மாஸ்க் பட்டை, ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பட்டை, சில ஓ-ரிங் (காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), பிளாஸ்டிக் டை எல்லாம் ஒரு சின்னப் பையில் வையுங்கள். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், விமானத்தில் ஏற்றும் பெட்டியில் கூடாது.

ஆறாவது: முதல் நாள், முதல் டைவ்

வந்து இறங்கிய அன்றே கடலில் குதிக்காதீர்கள். தூக்கம் விட்டு, தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பீர்கள். மறுநாள் காலை, ஆழம் குறைந்த இடத்தில், ஒரு சோதனை டைவ் கேளுங்கள். பெரும்பாலான நல்ல மையங்கள் அவர்களாகவே அப்படித்தான் தொடங்கும்.

அந்த டைவின் வேலை எடையைச் சரிசெய்வது. பிசிடியில் காற்றை முழுவதும் வெளியேற்றி, சாதாரணமாக மூச்சை உள்ளே வைத்திருக்கும்போது தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். அலுமினிய டேங்க் டைவ் முடியும்போது சுமார் 2 கிலோ இலேசாகிவிடும், அதற்கும் சேர்த்து எடை வையுங்கள். புதியவர்கள் தேவைக்கு அதிகமாக எடை கட்டிக்கொண்டு, அதைச் சமாளிக்கப் பிசிடியில் காற்றை நிரப்பி, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருப்பார்கள். காற்றும் வீணாகும், ஃபின் பட்டுப் பவளமும் உடையும்.

இறங்குவதற்கு முன் ஜோடியாகச் சரிபார்ப்பது ஒவ்வொரு முறையும், பத்தாவது நாளிலும். அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலைந்து மூச்சு இழுங்கள். முள் ஆடினால் டேங்க் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் அந்த டேங்க் வேண்டாம். கைச்சாடைகளையும் ஒரு தடவை பேசிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை உயர்த்துவது 'மேலே போவோம்' என்று பொருள். 'நன்றாக இருக்கிறேன்' என்பதற்கு ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்த வட்டம்.

தண்ணீருக்குள்

காதுதான் முதல் சோதனை. கடல் மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டரில் அது இரண்டாகிவிடும், 20 மீட்டரில் மூன்று. அதாவது மிகப் பெரிய மாற்றம் முதல் பத்து மீட்டரில்தான். வலி வருவதற்கு முன்பே, அரை மீட்டருக்கு ஒரு தடவை, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து திரும்ப முயலுங்கள். அப்படியும் முடியாவிட்டால் அன்றைய டைவ் முடிந்தது, அவ்வளவுதான். முரட்டுத்தனமாக ஊதிச் செவிப்பறையைக் கிழித்துக்கொண்டால் மீதி விடுமுறை முழுவதும் கரையில்தான். சளியோடு மூக்கடைப்பு மருந்து போட்டு இறங்குவதும் வேண்டாம். அதன் வேலை நடுவில் தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது காற்று வெளியேறாமல் சிக்கும்.

அதே கணக்கு காற்றுக்கும் பொருந்தும். 20 மீட்டரில் ஒரு மூச்சுக்கு மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு காற்று செலவாகும். டேங்கின் அழுத்தத்தைப் பார் என்ற அளவில் சொல்வார்கள். 200 பாரில் தொடங்கினால் 100 வந்ததும் வழிகாட்டிக்குச் சாடை காட்டுங்கள், 50 பார் மிச்சத்தோடு மேலே இருக்க வேண்டும். மற்றவர்களை விட வேகமாகத் தீர்கிறதே என்று கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் நிறைய பேர். தயவுசெய்து சொல்லுங்கள். புதியவர்களுக்கு அது இயல்பு, வழிகாட்டிக்கும் தெரியும்.

ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேலே: மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். 10 மீட்டரில் நுரையீரலை நிறைத்த காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறுங்கள், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். அங்கிருந்தே மிதவையை மேலே விடுங்கள். தலையை உயர்த்துவதற்கு முன் சுற்றிப் பாருங்கள், மோட்டார் சத்தத்தைக் கேளுங்கள். ஜோடியைக் காணவில்லை என்றால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வாருங்கள், அவரும் அதையே செய்வார்.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி யாரும் வென்றதில்லை. அதோடு மிதந்து போங்கள், படகு பின்தொடரும். செங்குத்துச் சுவர் ஓரமாகக் கீழே இழுக்கும் ஓட்டம் உள்ள இடம் என்று வழிகாட்டி விளக்கத்தில் சொன்னால், 'நான் இதில் வரவில்லை' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

உயிரினங்களில் புதியவர்கள் அஞ்சுவது சுறாவுக்கு. பாறைச் சுறாக்கள் பெரும்பாலும் நம்மைக் கண்டதும் விலகிவிடும். இந்தோ-பசிபிக் கடலில் உண்மையில் துரத்துவது டைட்டன் டிரிகர் என்ற பெரிய கிளாத்தி, அதுவும் மணலில் கூடு கட்டி முட்டையைக் காக்கும்போது. அது தன் எல்லையாக நினைப்பது கூட்டிலிருந்து மேல் நோக்கி விரியும் கூம்பு வடிவம். மேலே ஏறித் தப்பப் பார்த்தால் இன்னும் அதன் எல்லைக்குள்ளேதான் இருப்பீர்கள். பக்கவாட்டில், ஃபின்னை அதன் பக்கம் காட்டியபடி, நீந்தி விலகுங்கள். கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால், தோல் வெந்துபோகாத அளவு சூடான, 45 டிகிரிக்கு மிகாத தண்ணீரில் அந்த இடத்தை வைத்தால் வலி குறையும், பிறகு மருத்துவ உதவி. எதையும் தொடாமல் இருந்தால் பெரும்பாலும் இதற்கு அவசியமே வராது.

நாட்களுக்கு நடுவே

நாளுக்கு இரண்டு டைவ் தாராளம். ஆழமானதை முதலில் செய்யுங்கள், நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் மேலே இருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது வேண்டுமானால் கடைசி டைவுக்குப் பிறகு, கொஞ்சமாக. ஒவ்வொரு முறையும் காதை நல்ல தண்ணீரில் கழுவி உலர விடுங்கள். ஈரக் காதில் தொற்று வந்து விடுமுறை வீணானவர்கள் மிக அதிகம். வாரத்தின் நடுவில் ஒரு நாள் முழுக்க ஓய்வு எடுங்கள். அந்த ஒரு நாள் களைப்பையும் இறக்கும், உடம்பில் சேர்ந்த நைட்ரஜனையும் வெளியேற்றும்.

திரும்பும் விமானம்

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் என்பது டான் தரும் அளவு. தொலைதூரத் தீவில் நான் முழுசாக 24 மணி நேரம் விடச் சொல்வேன். விமானத்தின் உள்ளே அழுத்தம் மலை உச்சியில் இருப்பதைப் போலக் குறையும், அப்போது உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகும். தீவிலிருந்து கிளம்பும் சின்ன விமானத்துக்கும் இது பொருந்தும். பயணச்சீட்டு எடுக்கும்போதே கடைசி நாளை டைவ் இல்லாத நாளாக வைத்துவிடுங்கள்.

மூட்டு வலி, கை கால் மரத்துப்போதல், தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு, தலைசுற்றல், சிறுநீர் கழிக்க முடியாமை, காரணமில்லாத அதீதக் களைப்பு. இவை அழுத்தக்குறைவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். டைவுக்குப் பிறகு இவற்றில் எது வந்தாலும் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். 'எடை தூக்கியதால் இருக்கும்' என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். படுக்க வைத்து நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து, அவசர எண்ணை அழைப்பார்கள். மறுபடி தண்ணீருக்குள் இறங்கிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வரும், சிலருக்கு ஒரு நாள் தள்ளியும் வரலாம். வீட்டுக்கு வந்த பிறகு வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது, இரண்டு நாளைக்கு முன்வரை ஸ்கூபா செய்தேன் என்பதுதான். கம்ப்யூட்டரில் பதிவான ஆழமும் நேரமும் அவருக்குத் தேவைப்படும், அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.